விரல் விறைக்கும் முன்

தை பிறந்ததும் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். "அண்ணே, ஏப்ரல்ல இமாச்சல் போறோம். ஒரு லிஸ்ட் அனுப்பிடுங்க." லிஸ்ட் அனுப்புவதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது. அதில் உள்ள அத்தனையையும் வாங்கிக்கொண்டு போய், பாதியைக் கவர்கூடப் பிரிக்காமல் திரும்பக் கொண்டுவந்தவர்களைப் பார்த்தாயிற்று. தேவையான ஒரே ஒரு பொருள் இல்லாமல் ஆற்றங்கரையில் கைகட்டி நின்றவர்களையும் பார்த்தாயிற்று. இப்போதெல்லாம், "ஒரு நாள் காஞ்சிபுரம் வாங்க. கையில இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

மலை ஓடைகளில் ஃப்ளை தூண்டில் போடப் போகிறவர்களைத் தயார் செய்து அனுப்புவது என் தொழில். ஃப்ளை கட்டிக் கொடுப்பேன், ராடு ரீல் சரிபார்ப்பேன், அனுமதிக்கு யாரைப் பார்ப்பது என்று சொல்வேன், சில சமயம் கூடவே போவேன். காஞ்சிபுரத்தில் டிரவுட் மீன் கிடையாது. பாலாற்றில் வருஷத்தில் பல மாதம் தண்ணீரே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் இந்தத் தொழில் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் பட்டும் ஜரிகையும்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். சேலையைப் பேசி முடித்த பிறகு, தறிக்குக் கீழே கிடந்த ஜரிகைத் துணுக்குகளைப் பார்த்து, "தம்பி, இதை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஆச்சரியம். ஜரிகைக் கழிவை உருக்கி வெள்ளி எடுக்கிறவர்கள்தான் கேட்டு வருவார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன முள், ஒவ்வொன்றிலும் கோழி இறகும் நூலும் சுற்றி, பார்ப்பதற்குப் பூச்சி மாதிரி இருந்தது. அதுதான் ஃப்ளை. நடுவில் ஒரு பளபளப்பான கோடு ஓடியது. சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தத் தகட்டு நூல் கிடைப்பதில்லை, உங்கள் ஜரிகை அதைவிட நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்றார். அடுத்த முறை வந்தபோது எனக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தார். நூலை இழுப்புக் குறையாமல் சுற்றுவது நெசவாளி வீட்டுப் பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

வீசக் கற்றுக்கொடுத்தது செவிலிமேடு பாலத்துக்குக் கீழே, பாலாற்று மணலில். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக் குண்டோ இரையின் கனமோ தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இறகில் கட்டிய பூச்சிக்குக் கனமே இல்லை. அதனால் கயிறுதான் கனமாக இருக்க வேண்டும். கயிற்றைப் பின்னால் நேராகப் பறக்கவிட்டு, அது முழுதாக நீண்ட கணத்தில் முன்னால் தள்ளினால், நுனியிலுள்ள பூச்சி தண்ணீர்மேல் மெதுவாக உட்காரும். பின்னால் நீளும் வரை பொறுக்கிறவன் கற்றுக்கொள்கிறான். அவசரக்காரன் கயிறு சாட்டை மாதிரி சொடுக்கும், பூச்சி அறுந்து போய்விடும். இன்றைக்கும் என்னிடம் வருகிறவர்களை முதலில் அந்த மணலுக்குத்தான் கூட்டிப்போகிறேன். முள் கிடையாது, ஒரு துண்டு சிவப்புக் கம்பளி நூலை முடிந்து வீசச் சொல்வேன். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் மட்டமே இறங்கிவிட்டது. நாங்கள் பழகிய மேடு இன்று இல்லை. சீமைக் கருவேலம் மண்டிய இடத்தில் பின்வீச்சுக்கு வெளி தேடி நடக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்தான் என்னை முதன்முதலாக அவலாஞ்சிக்குக் கூட்டிப்போனார். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ், ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக ஜீப். அந்தத் தண்ணீரில் டிரவுட் எப்படி வந்தது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், 1860களிலேயே முட்டைகளைக் கொண்டுவந்து முயன்று தோற்றார். 1906ஐ ஒட்டி எச்.சி. வில்சன் அந்த வேலையைக் கையில் எடுத்த பிறகுதான் பிடிபட்டது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த வானவில் டிரவுட்தான் நிலைத்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. பிறகு குந்தா நீர்மின் திட்டத்துக்காக அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகள் எழும்பின. ஓடையில் இருந்த மீன் ஏரிக்கும் போயிற்று.

அந்தப் பயணத்தில் நான் பார்த்த ஒரு காட்சிதான் இத்தனை வருஷமாக என் தொழிலை நடத்துகிறது. எங்களோடு சென்னையிலிருந்து வக்கீல்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஓட்டை உடைசல் இல்லாத நல்ல சாமான், இங்கிலாந்திலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தது. டிசம்பர் விடியல், புல்லில் உறைபனி. மீன் மேலே வந்து வந்து பூச்சியைக் கவ்விக்கொண்டிருக்கிறது, தண்ணீர் வட்டம் வட்டமாகத் திறக்கிறது. இவர்கள் இருவரும் கயிற்றின் நுனியில் கட்டும், மயிரிழை மாதிரி இருக்கும் நரம்பை முள்ளின் காதுக்குள் நுழைக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். தெரியாமல் என்று சொல்வது தவறு, வீட்டில் நூறு தடவை செய்திருப்பார்கள். விரல் விறைத்துவிட்டது. வாயில் வைத்து ஊதுகிறார்கள், அக்குளில் சொருகிக்கொள்கிறார்கள், முடிச்சு விழவில்லை. வெயில் ஏறி விரல் இளகியபோது மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. பெரியவர் பக்கத்திலேயே, முந்தின வாரம் வீட்டில் கட்டிவைத்திருந்த நரம்பைக் கண்ணியோடு கண்ணி கோத்து, நொடியில் வீசிக்கொண்டிருந்தார்.

குளிரிலும் ஈரத்திலும் இருட்டிலும் விரலால் செய்ய வேண்டிய எதுவும் வீட்டில் முடிந்திருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கற்றுத்தருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வருகிறது.

எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு இது புதிதும் இல்லை. மூன்று சேலைக்கு ஒரு பாவு என்றால், அது தறியில் ஏறுவதற்கு முன்னால் எத்தனை கைவேலை. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழையைத் தேடி முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பிறகு பழைய பாவின் நுனியோடு புதிய பாவைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மா சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பாள். அதில் ஒரு இழை சரியாகப் பிடிக்காவிட்டால், அது சேலையின் நடுவில்தான் தெரியும். மலைக்குப் போகும் பயணமும் அப்படியே. வீட்டில் கோத்ததுதான் அங்கே ஓடும்.

திண்ணையில் சாமான் பரப்பியதும் நான் முதலில் எடுப்பது கயிற்றை. பெரியவரிடம் பட்டுக் கயிறு இருந்தது. பின்னிய பட்டு, எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. ஒவ்வொரு இரவும் முழுக் கயிற்றையும் ரீலிலிருந்து கழற்றி நாற்காலி முதுகுகளில் சுற்றி உலர்த்துவார், காலையில் கொழுப்புத் தடவுவார். ஒரு நாள் சோம்பினால் கயிறு பிசுபிசுத்துப் போகும். உலகத்தில் மற்ற எல்லோரும் பிளாஸ்டிக் பூசிய கயிற்றுக்கு மாறிப் பல காலம் ஆகியும் அவர் மாறவில்லை. பட்டு, தண்ணீர்மேல் விழும் மென்மை வேறு என்பார். நானும் வீசிப் பார்த்திருக்கிறேன், உண்மைதான். ஆனால் வருகிறவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. பிளாஸ்டிக் கயிற்றில் பார்க்க வேண்டியது வெடிப்பு. இரண்டு விரலுக்கு நடுவில் கயிற்றை முழு நீளமும், சுமார் 27 மீட்டர், மெதுவாக இழுத்து வந்தால் வெடிப்பு இருக்கும் இடம் நகத்தில் தட்டும். தட்டினால் அது தண்ணீர் குடிக்கும், நுனி மூழ்கும். ரீலில் வருஷக்கணக்கில் சுருண்டு கிடந்த கயிறு வெந்நீரில் ஊறினால்தான் நிமிரும். நரம்பை நான் நம்புவதே இல்லை. நம் ஊர் வெயிலில் ஒரு கோடை அலமாரியில் கிடந்த நரம்பு, பார்க்க நன்றாக இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் அறும். போகிறவர் எவ்வளவு வசதியானவராக இருந்தாலும், மெல்லிய நரம்பை வருஷா வருஷம் புதிதாக வாங்கச் சொல்வேன்.

அடுத்தது முள். ஒவ்வொரு முள்ளின் நுனிக்குக் கீழேயும் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மழுக்கிவிட வேண்டும். மீனைப் பிடித்துத் திரும்ப விடுகிறவர்கள் மீனுக்காக இதைச் செய்கிறார்கள். நான் மனிதர்களுக்காகவும் செய்யச் சொல்கிறேன். எமரால்டு பக்கம் ஒரு முறை, காற்று திசை மாறியதில் ஒருவருடைய பின்வீச்சு பக்கத்தில் நின்றவர் காது மடலில் ஏறிவிட்டது. ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போக அந்த நேரத்தில் வண்டி இல்லை. நல்லவேளை, எதிர்முள் மழுக்கிய முள். தடிமனான தங்கூசியை முள்ளின் வளைவில் ஒரு சுற்றுப் போட்டு, முள்ளின் தண்டைத் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்திக்கொண்டு, தங்கூசியை நேராக வெடுக்கென்று ஒரே இழுப்பு. வெளியே வந்துவிட்டது. அவர், "எடுத்தாச்சா?" என்று கேட்டார். எதிர்முள் இருந்திருந்தால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வந்திருக்கும். கண்ணில் பட்டிருந்தால் எந்தக் கைப்பழக்கமும் உதவியிருக்காது. அதனால் கண்ணாடி போடாத ஆளை நான் ஆற்றில் இறக்குவதில்லை. கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் கேட்பேன்.

இனி ஃப்ளை. இது என் கைத்தொழில், கொஞ்சம் அதிகம் பேசிவிடுவேன்.

பட்டு நூலின் நிறத்தை உலர்ந்திருக்கும்போது பார்த்து வாங்கக் கூடாது. நனைந்தால் பட்டு இருண்டுவிடும், அடியிலுள்ள முள்ளின் நிறமும் கசிந்து தெரியும். தேன்மெழுகு தடவிய மாம்பழ மஞ்சள் தண்ணீருக்குள் பாசி நிறத்துக்குச் சாய்கிறது. மலை ஓடைக் கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிக் குஞ்சின் நிறம் கிட்டத்தட்ட அதுதான். அரக்குச் சிவப்பு நனைந்தால் காய்ந்த ரத்த நிறம் ஆகிவிடும். அதனால் சாயப்பட்டறையில் நூலை வாங்கும்போது ஒரு இழையை நாக்கில் தொட்டு நனைத்துப் பார்ப்பேன். பட்டறைக்காரர்களுக்கு இப்போது பழகிவிட்டது, முன்னெல்லாம் விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஜரிகையிலும் எல்லாம் உதவாது. நல்ல ஜரிகை என்றால் சிவப்புப் பட்டிழைமேல் வெள்ளித் தகடு சுற்றி, அதன்மேல் தங்கம் பூசியது. காஞ்சிபுரம் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். கல்லில் உரசினால் சிவப்புத் தெரியும். இதை உடம்பின்மேல் இடைவெளி விட்டு நாலைந்து சுற்றுச் சுற்றினால் தண்ணீரில் விட்டு விட்டு மினுங்கும், சின்ன மீனின் செதில் மாதிரி. பாலியெஸ்டர் ஜரிகை கறுக்காது, விலையும் மலிவு, ஆனால் ஒரே பட்டையாகக் கண்ணைக் கூசும். தெளிந்த தண்ணீரில் டிரவுட் அதைப் பார்த்து ஒதுங்குவதை நான் பாலத்தின்மேல் நின்று பார்த்திருக்கிறேன். கலங்கல் தண்ணீரில் அதே பாலியெஸ்டர்தான் கைகொடுக்கும். இரண்டையும் டப்பாவில் வைப்பேன். வெள்ளி கறுக்கும் என்பதால் உண்மை ஜரிகையில் கட்டியதைப் போன பயணத்தின் ஈரத்தோடு மூடி வைத்துவிடக் கூடாது.

இறகு விஷயத்தில் காலம் மாறியதை நான் நேரில் பார்த்தேன். நம் மலைகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு சொட்டியது போல வெளுத்த மஞ்சள் பொட்டு இருக்கும். அந்த இறகுக்காக ஒரு காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கோழித் தோல் கட்டுக்கட்டாக இங்கிலாந்துக்குப் போனது. சால்மன் மீனுக்கான ஃப்ளைகளுக்கு அதில்லாமல் முடியாது என்று இருந்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகும் ஒளித்து மறைத்துக் கொண்டுவந்து விற்கப் பார்த்தவர்கள் உண்டு. பெரியவர் அவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவார். "இந்த இறகு இல்லாம மீன் கடிக்கலேன்னா, கடிக்காமலே போகட்டும் தம்பி." நான் நாட்டுச் சேவலின் கழுத்து இறகில் வார்னிஷ் பொட்டு வைத்துக் கட்டுகிறேன். மீன் வித்தியாசம் பார்க்கவில்லை.

நான் தொழிலுக்கு வந்தபோது பயணத் தயாரிப்பு என்றால் சாமான்தான். அனுமதி என்பது ஊட்டி மீன்வளத் துறையில் ஒரு சீட்டு. இன்று முதல் வேலை அனுமதி. நீலகிரியின் முக்குருத்தி 1982இல் சரணாலயமாகி 1990இல் தேசியப் பூங்கா ஆனது. பெரியவர் கதை கதையாகச் சொன்ன ஓடைகள் பல அதற்குள் போய்விட்டன. எனக்கு அதில் வருத்தமில்லை. டிரவுட் வெளியூரிலிருந்து வந்த மீன், சோலையும் வரையாடும் அந்த மலையுடையவை. ஒருவருடைய பொழுதுபோக்குக்காக அந்தக் கதவைத் திறக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

காவிரி விஷயம் அப்படி எளிதாக முடிந்துவிடுவதில்லை. பீமேஸ்வரி, தொட்டமகளி, காலிபோர் என்று கர்நாடகக் காவிரிக் கரையில் இருந்த மீன்பிடி முகாம்களுக்குத் தொண்ணூறுகளில் நான் நிறையப் பேரை அனுப்பியிருக்கிறேன். மரத்தடிக் கூடாரம், பரிசல், இரவில் யானைச் சத்தம். முதுகு எழும்பிய மஹ்சீர் மீனுக்காக உலகம் பூராவுமிருந்து ஆள் வந்த இடம். மைசூரில் பாடம் செய்யும் தொழிலுக்குப் பேர்போன வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 1946இல் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அங்கே வழக்கம் ராகிக் களி உருண்டைதான், ஃப்ளைக்காரர்கள் குறைவு. ஃப்ளை கொண்டுபோகிறவர்களுக்கு நான் கட்டிக் கொடுத்தது தடிமனான முள்ளில். மஹ்சீருக்கு உதட்டில் பல் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. உள்ளே வாங்கி நசுக்கினால் சாதாரண முள் தகடாகிவிடும். நசுங்கிய முள்ளை எனக்குக் காட்டவென்றே பத்திரப்படுத்திக் கொண்டுவருவார்கள்.

அந்த முகாம்களில் வழிகாட்டிகளாக இருந்தவர்களில் சிலர் முன்பு வெடி போட்டு மீன் பிடித்தவர்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் தெரியும். மீனை உயிரோடு விட்டால் சம்பளம் என்று ஆனதும் அவர்களே காவல்காரர்கள் ஆனார்கள். 2010ஐ ஒட்டிய வருஷங்களில், சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று முகாம்களில் மீன்பிடிப்பு நின்றது. சட்டத்தின் நோக்கம் சரி. ஆனால் கரையில் தினமும் கண் வைத்திருந்த ஆட்கள் போனால் வெடிக்காரன் திரும்ப வருவான் என்று அந்த வழிகாட்டிகள் என்னிடம் பயந்தார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். அந்த மீன் எந்த இனம் என்பதே 2018இல்தான் அறிவியல்படி உறுதியானது. அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. இத்தனை பேர் தோளில் தூக்கிப் படமெடுத்துக்கொண்ட மீனுக்குப் பெயர் நிச்சயமாவதற்குள் அது இல்லாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று யாராவது காவிரி மஹ்சீர் என்று என்னிடம் வந்தால் நான் அனுப்புவதில்லை.

இப்போது என் ஆட்கள் பெரும்பாலும் போவது இமாச்சலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்கு. டெல்லியிலிருந்து குளு போகும் சாலையில் ஆவுட் வரை போய், பஞ்சார் வழியாகக் குஷைனி. அதற்கு மேலே பெரிய இமாலயத் தேசியப் பூங்கா. நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் முட்டையிடும் காலம், தூண்டிலுக்குத் தடை. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தெளிவு. மே மாதம் மேலே பனி உருகத் தொடங்கினால் ஆறு பால் மாதிரி கலங்கிவிடும், பிறகு மழை. மறுபடி செப்டம்பர் கடைசியில்தான் கண்ணாடி ஆகும். நம் ஆட்களுக்குப் பிள்ளைகள் லீவு மே மாதம்தான். "மே மாசமே போய்க்கிறோம் அண்ணே" என்பார்கள். குடும்பத்தோடு மலை பார்க்கப் போங்கள், தூண்டிலை வீட்டில் வையுங்கள் என்று சொல்லிவிடுவேன். தேதியைச் சரியாகத் தேர்வது பாதிப் பயணம்.

அங்கே ஒரு விடுதிக்கு ஆற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலம் கிடையாது. கம்பியில் தொங்கும் இரும்புக் கூடையில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும், அடியில் ஆறு பாறை பாறையாக இரைகிறது. பெட்டி பெரிதாக இருந்தால் மடியில் வைக்க முடியாது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் இரண்டு சக்கரப் பெட்டி கொண்டுவந்து, கூடை நாலு தடவை போய்வர வேண்டியதாயிற்று. அதிலிருந்து, தோளில் மாட்டும் ஒரே பையில் அடங்காததை எடுக்காதே என்று சொல்கிறேன். அதற்குள்ளும் சில பொருள் இரண்டாக இருக்க வேண்டும்: ராடின் நுனித் துண்டு, நரம்பு, கண்ணாடி, காலுறை. அறுந்தாலும் உடைந்தாலும் பக்கத்தில் கடை இல்லை. கால்சட்டை, தொப்பி எல்லாம் ஒன்று போதும். காலுக்கு அடிப்பாகத்தில் கம்பளி ஒட்டிய ஷூ, பாசிப் பாறையில் வழுக்காது. அதை ஒரு வாரம் வீட்டிலேயே ஈரத்தோடு போட்டு நடந்திருக்க வேண்டும். புது ஷூவில் கொப்புளம் வந்தவர் அறையில் உட்கார்ந்து ஆற்றுச் சத்தம் கேட்டுவிட்டு வருவார்.

மருந்தைப் பற்றி யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நான்தான் துருவிக் கேட்பேன். இன்சுலின் போடுகிறவர் ஒருவர், விடுதியில் ஃபிரிட்ஜ் இருக்கும் என்று நினைத்துக் கிளம்ப இருந்தார். அங்கே கரண்டே பாதி நேரம்தான். சின்ன மண்கலயம் ஒன்றில் மணல் நிரப்பி நனைத்து, அதற்குள் இன்னொரு கலயம் வைத்து மருந்து வைக்கலாம் என்று செய்து காட்டினேன். அவருக்கு அதைவிட முக்கியமாகத் தெரிய வேண்டியிருந்தது வேறு: குளிர் ராத்திரியில் மருந்து உறைந்துவிட்டால் அது பயன்படாது, உடம்போடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அவர் டாக்டரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு போனார்.

நீலகிரி போகிறவர்களுக்கு இப்போது கூடுதலாக ஒன்றிரண்டு உண்டு. 2024 மே 7 முதல் வண்டிக்கு இ-பாஸ் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் செக்போஸ்டிலேயே போய்விடும், எவர்சில்வர் கூஜாவைத் தேடி எடுங்கள் என்பேன். அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் துணியில் முடிந்து கணுக்காலில் கட்டுவது பெரியவர் வழக்கம், இன்றும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மழையை மட்டும் லேசாக எடுக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மலையில் வானம் இருண்டால் மீனை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறு என்பதைச் சின்னப் பையன்களுக்கு நான் சத்தம் போட்டே சொல்வேன்.

வெயில் காலத்தில் ஒரு தெர்மாமீட்டரும் பையில் இருக்க வேண்டும். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட்டுக்கு மூச்சுத் திணறும். அப்போது பிடித்துத் திரும்ப விட்டாலும் கொஞ்ச நேரத்தில் செத்து மிதக்கும். ராடை மடக்கிவிட வேண்டியதுதான். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்வதையும் நான் வீட்டிலேயே பழக்குகிறேன், ஒரு ஈரத் துணி உருண்டையைக் கொடுத்து. உலர்ந்த கை பட்டால் மீனின் மேல்வழுவழுப்பு போய்ப் பூஞ்சை பிடிக்கும்.

சாமானெல்லாம் சரியான பிறகும் ஒருவரை நான் உடனே அனுப்புவதில்லை. முதலில் ஏரியில் ஒரு காலை. ஏரியில் தூண்டில் போடுவது புதிதில்லை. எச்.எஸ். தாமஸ் என்ற சென்னை மாகாணக் கலெக்டர் 1873இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி எழுதினார், பிறகு 1887இல் நம் ஏரி குளங்களில் மீன் பிடிப்பதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். கோயில் குளத்தில் தூண்டில் கூடாது, அது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். குத்தகைதாரரிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் போவோம். ஜிலேபி மீன் சின்ன ஃப்ளையை நன்றாக எடுக்கும். கல்லூரிப் பிள்ளைகள் அதைக் குப்பை மீன் என்று முகம் சுளிப்பார்கள். ஒரு ஜிலேபி முள்ளோடு பாசிக்குள் பாய்ந்து ரீல் கிறீச்சிட்டதும் முகம் மாறும். எந்த முடிச்சு நழுவும், ராடின் எந்த வளையத்தில் கயிறு உரசும், கை எந்த நேரத்தில் அவசரப்படும் என்று அந்தக் காலை காட்டிவிடும். அன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து பிசகியதை எல்லாம் திரும்பக் கட்டுவோம். அது முடிந்தால் டிக்கெட் எடுக்கலாம் என்பேன்.

திரும்பி வந்தவர்கள் ஷூவையும் வலையையும் வெயிலில் நன்றாக உலர்த்தாமல் இன்னொரு ஆற்றுக்குக் கொண்டுபோகக் கூடாது, ஒரு தண்ணீரின் பாசியும் நோயும் அடுத்த தண்ணீருக்குப் போகும். மீதமுள்ள ஃப்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன். அங்கே ஆற்றைக் காட்டிக் கூட வந்த பையனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் ஊரில் அது விலைக்குக் கிடைப்பதில்லை. கொடுக்கும்போது எது எந்த மாதம் எடுபட்டது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். குஷைனியிலிருந்து ஒரு வழிகாட்டிப் பையன் இப்போது போனிலேயே படம் அனுப்புகிறான். போன அக்டோபரில் மாம்பழ மஞ்சளைவிடக் கருநீலம் எடுபட்டதாம். அதற்கு என்ன காரணம் என்று இன்னும் பிடிபடவில்லை. கருநீலப் பட்டில் இந்த வாரம் இரண்டு டப்பா கட்டிக்கொண்டிருக்கிறேன், மார்ச்சில் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப.